தீவுக்காரருக்கு வைத்த நேர்த்தி

இன்று பலெர்மோவின் கபோ சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். பழைய சாமான் விற்பவனின் மேசையில் அடர்ந்த மீசையும் கறுப்புக் கோட்டுமாக ஒரு படம். "இது எங்கடை ஆளெல்லோ!" என்று கத்தியே விட்டேன். கிட்டப் போனால் வேறு யாரோ.

எங்கள் ஆள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கிரேக்கத் தீவில் பிறந்தவர். தீவை ஆண்ட இங்கிலீஷ்காரருக்கு எதிராகப் பத்திரிகை நடத்தியவர். இத்தாலிக்கு வந்த புதிதில் நான் வேலை செய்த, கால்சாப் பகுதி வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, அவருடைய வம்சம்; சுவரில் அவர் படம் தொங்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், சரித்திரம் என்றால் கொட்டாவிதான் வரும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நான் ஸ்திரிக்கைப் பெட்டியால் உடுப்பு மினுக்க, சிஞ்ஞோரா அவர் கதையில் ஒரு துண்டு சொல்லுவார். அவரைப் பிடித்துத் தண்ணீர்கூட இல்லாத குட்டித்தீவில் அடைத்தார்கள் என்று சொன்ன அன்று ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன்.

கேட்டதையெல்லாம் பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸின் தரிப்பில் எங்கள் ஊர் யோகமக்காவுக்குச் சொல்லுவேன்; அவர் "பிறகு? பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இலங்கையில் அக்காவின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் அடைத்து நாலு வருடம். "அந்தாளை விட்டா என்ரை தம்பியையும் விடுவாங்கள்" என்று நேர்த்தி வைத்து, சாந்தா ரொசாலியா கோயில் மலைக்குச் செருப்பில்லாமல் ஏறினார்.

"செத்துப்போன ஆளுக்கு நேர்த்தியோ அக்கா?"

"அவருக்கு என்ன நடந்ததெண்டு எனக்கு இன்னும் தெரியாதெல்லோ. நீ வாயை மூடு."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவர் அங்கேயே செத்திருந்தால்? நீங்கள் சிரிப்பீர்கள், கண்ணாடிக்கு முன்னால் நின்று "விட்டிட்டாங்கள்" என்று பொய் சொல்லியும் பழகினேன். வரவில்லை.

ஒரு வெள்ளி சிஞ்ஞோரா சொன்னார்: விட்டுவிட்டார்களாம்! கப்பல் வர ஊரே கரையில் நின்றதாம், பாராளுமன்றத்துக்கும் அனுப்பினார்களாம், தீவும் கிரேக்கத்தோடு சேர்ந்ததாம்! ஸ்திரிக்கைப் பெட்டியை நிறுத்தினேனோ தெரியாது, ஓடினேன்.

"அக்கா, விட்டிட்டாங்கள்! எம்பியாயும் வந்திட்டார்!"

யோகமக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். பஸ் போயே போய்விட்டது. பிறகுதான் மெல்லக் கேட்டார்: "எத்தினை வருசத்தாலை விட்டவங்கள்?"

"அஞ்சு."

"அப்ப எனக்கு இன்னும் ஒரு வருசந்தான்."

தம்பி வெளியே வர இரண்டு வருடமானது. "உன்ரை ஆள் என்னை ஏமாத்திப்போட்டார்" என்று யோகமக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

இப்போது அக்காவும் தம்பியும் ஜெர்மனியில். சிஞ்ஞோரா உயிரோடு இல்லை, வீடு ஹோட்டலாகிவிட்டது. தரிப்பில் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று ஒரு பலகை மின்னுகிறது. அது சொல்வது சரிவருவதில்லை, ஆனாலும் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "பிறகு?" என்று கேட்க ஒருவரும் இல்லை.