அடைக்கக் கூடாத சுவிட்ச்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள் நான். தமிழில் கடைசியாக நீளமாக எழுதியது, அம்மா இறந்தபோது உறவுக்காரர்களுக்குப் போட்ட கடிதம். சொல்லப்போவதும் பெரிய விஷயமில்லை. கூடத்துக் காற்றாடிக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்த கதை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் தம்பி மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

குருபோங்கில் இருக்கிறேன். அப்பா தோட்ட வேலையை விட்டு வந்தபோது வாங்கிய தொடர் வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் மட்டும். கல்யாணம் அமையவில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை வேலை. அங்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் பேச்சு கிடையாது. வீட்டிலும் கிடையாது. எனக்கு அது பழகிப்போனதுதான். பேசத் தெரியாத சுபாவம்.

தம்பி ஜொகூர் பாருவில் குடும்பத்தோடு இருக்கிறான். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்கிறான். சாயங்காலம் திரும்பும்போது பாலத்தில் பஸ் நகராது. அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிடுவான். ஏழே முக்கால், எட்டுக்குள்.

“சாப்பிட்டியாக்கா?”

“சாப்பிட்டேன். நீ?”

“இனிமேதான்.”

மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்காக நான் காலையிலிருந்தே சேர்த்து வைப்பேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைப்பதுகூட உண்டு. பப்பாளியில் மூன்று காய். சூப்பர்வைசர் இன்றைக்குச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்டு வந்தார். வாசல் கேட் கிறீச்சிடுகிறது. எழுதி வைக்காவிட்டால் அவன் குரல் கேட்டதும் எல்லாம் மறந்துவிடும். நானாக அவனைக் கூப்பிட்டதே இல்லை. வேலையில் இருப்பான், பிள்ளைகளோடு இருப்பான் என்று தோன்றும். விரல் எண்ணின் மேல் நிற்கும், அழுத்தாது.

ஒரு சனிக்கிழமை, வேலையிடத்துப் பெண்களோடு செர்காமுக்கு மீன் வாங்கப் போனேன். போனை வீட்டிலேயே மறந்துவிட்டேன். வரும் வழியில் வேன் டயர் பஞ்சர். வீடு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டு மலாய் அக்கா என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி பதினான்கு முறை கூப்பிட்டிருந்தான். பிறகு அவரைக் கூப்பிட்டு, கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறான்.

“செத்துகித்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்கா,” என்றான். மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அடுத்த வாரம் பார்சல் வந்தது. உள்ளே இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, நான்கைந்து வயர்களோடு. தம்பி விளக்கினான்.

“காத்தாடிக்குள்ள வைக்கிறதுக்கா. போன்லேயே போடலாம், அடைக்கலாம், வேகம் மாத்தலாம். உன் போன்லயும் என் போன்லயும். நீ வேலை விட்டு வந்ததும் காத்தாடியைத்தானே முதல்ல போடுவ? இங்கேருந்தே எனக்குத் தெரிஞ்சிரும்லா. நீ வந்துட்ட, நல்லாருக்கன்னு.”

அலோர் காஜாவிலிருந்து ஒரு வயர்மேனை அவனே பேசி அனுப்பினான். நம் ஆள்தான், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆண் ஒருவர் வீட்டுக்குள் வேலை செய்ய வந்தால் நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவேன். அம்மா காலத்திலிருந்து அப்படி. அவரும் பின்னல் ஊசியும் நூலுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வயர்மேன் ஏணியைப் போட்டு ஏறி, காற்றாடிக் கம்பியின் உச்சியில் கூரையை ஒட்டியிருக்கும் கிண்ணம் போன்ற மூடியைக் கீழே இறக்கினார். பத்துப் பதினைந்து வருடத் தூசி அவர் தலையில் கொட்டியது.

“தங்கச்சி, தீபாவளிக்குக்கூட இதைத் துடைக்கிறது இல்லையா?”

“எட்டாதுண்ணே.”

“எனக்கு எட்டுது பாருங்க. தலை முழுக்க வெள்ளை. பொண்டாட்டி இன்னைக்கு வீட்டுக்குள்ள விடமாட்டா.”

அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

பெட்டி அந்தக் கிண்ணத்துக்குள் அடங்கவில்லை. அதிலிருந்த பழைய கெப்பாசிட்டரை, இனி அந்த வேலையையும் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று கழற்றிய பிறகு, பக்கவாட்டில் திருப்பி ஒருவழியாகத் திணித்தார். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுற்றாமல், தேனீ அடைத்த டப்பா மாதிரி உம்மென்றது. அவர் இறங்கி வந்து சுவரைப் பார்த்தார். சுவரில் சுவிட்சுக்குப் பக்கத்தில் வேகம் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் இருந்தது. அப்பா மாட்டியது. எப்போதும் இரண்டில்தான் இருக்கும்.

“இது பாதிக் கரண்டைத் தடுக்குது. இதுவும் வேகம் குறைக்கும், அதுவும் வேகம் குறைக்கும். ஒரு வீட்ல ரெண்டு மாமியார் மாதிரி,” என்றார். மூடியைத் திறந்து, ரெகுலேட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, பழைய திருகோடு மூடியைத் திரும்ப மாட்டினார். “இனிமே இது அழகுக்குத்தான். திருப்பினாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா தங்கச்சி, இந்தச் சுவிட்சை மட்டும் அடைக்காதீங்க. காத்தாடி வேணாம்னா போன்ல அடைங்க. இதை அடைச்சா பெட்டிக்குக் கரண்டு போயிரும். தம்பி போன்ல ஆப்லைன்னு காட்டும்.”

தம்பி வீடியோவில் வந்தான். பெட்டியை இரண்டு போனிலும் சேர்த்தார்கள். நாங்கள் மூவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் எதையும் தொடாமல் காற்றாடி மெல்ல அசைந்து, சுற்ற ஆரம்பித்தது. அக்கா “கிப்பாஸ் பிந்தார்” என்றார். புத்திசாலிக் காற்றாடி என்று அர்த்தம். போனுக்குள் தம்பி சிரிப்பது கேட்டது.

முதல் வாரம் அவன் வழக்கம்போல் கூப்பிட்டான். இரண்டாவது வாரம் இரண்டு நாள் விட்டுப்போனது. பிறகு தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி ஒரு குறுஞ்செய்தி: ‘காத்தாடி ஓடுது. ஓக்கே கா?’ நான் கட்டைவிரல் படம் அனுப்பினேன். பிறகு அதுவும் நின்றது. அவனைக் குறை சொல்ல முடியாது. நான் நலமா என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டான். அது இப்போது கேட்காமலேயே தெரிகிறது.

சில நாள் நாலு மணி வெயிலில் காற்றாடி தானாக மூன்றிலிருந்து நான்குக்குப் போகும். ஜொகூரில் சூடாக இருக்கிறது, இங்கே எனக்கும் சூடாக இருக்கும் என்று அவன் நினைத்திருப்பான். நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அவ்வளவுதான். நாள்காட்டித் தாள்கள் பிஸ்கட் டின்னில் சேர்ந்துகொண்டே போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய இடி. இடி இடித்தால் மெயின் சுவிட்சையே அடைத்துவிடுவது தோட்டத்திலிருந்தே எங்கள் வழக்கம். அங்கே ஒரு வீட்டில் மின்னல் இறங்கி ரேடியோ கருகிப்போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். கை தானாகப் போய் அடைத்தது. கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

“அக்கா, ஆப்லைன்னு காட்டுது. என்னாச்சு?”

“இடிடா. மெயினை அடைச்சேன்.”

“நல்லா பயமுறுத்துன போ.”

மழை விடும்வரை பேசினோம். டின்னைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பப்பாளிக் காய்களில் ஒன்று பழுத்து, ஒன்று அணில் தின்று, ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன வரலாறு முழுவதும் சொன்னேன். சூப்பர்வைசர் சட்டைக்கு அவன் ரொம்ப நேரம் சிரித்தான்.

அடுத்த புதன்கிழமை வேலை விட்டு வந்து, காற்றாடியைப் போடாமல், சுவரில் இருந்த சுவிட்சை அடைத்தேன். இடி இல்லை. வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு வந்ததும் கூப்பிட்டான். கரண்டு இல்லை என்றேன். மறுவாரமும் செய்தேன். வைபை கோளாறு என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய்கள் இவைதான் என்று நினைக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

மூன்றாவது முறை, ஒரு வியாழக்கிழமை, எட்டு மணியாகியும் போன் வரவில்லை. சுவிட்சை அடைத்தபடியே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் நின்றது. வயர்மேன் ஏணியை இறக்கினார்.

“தம்பி கூப்பிட்டாப்ல. பெட்டி அடிக்கடி படுத்துக்குதாமே. போய்ப் பார்த்து மாத்திக் குடுங்கன்னாரு.”

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா பின்னலோடு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். வயர்மேன் ஏணியை விரித்து, ஒரு படி ஏறி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

“தங்கச்சி, சுவிட்ச் அடைச்சிருக்கு.”

“இடி இடிச்சுச்சுண்ணே.”

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நான்கு நாளாகச் சொட்டு மழை இல்லை. என் துணிகள் கொடியில் அப்பளம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தன.

“இடி,” என்றார் மெல்ல. இறங்கி வந்து சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது.

தம்பிக்குப் போன் செய்து, ஒலியைக் கூட்டி வைத்தார்.

“தம்பி, சரியாயிருச்சு. பெட்டியில கோளாறு இல்ல.”

“அப்புறம் ஏன்ணே மூணு தடவை ஆப்லைன் ஆச்சு?”

வயர்மேன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்காவின் ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“வயர் லூசா இருந்துச்சு. நான்தான் சரியா முடுக்காம விட்டுட்டேன்.”

“என்னண்ணே நீங்க. அக்கா தனியா இருக்காங்கன்னுதானே சொல்லிச் சொல்லிச் செய்யச் சொன்னேன். இந்த மாதிரி வேலை செஞ்சா எப்படி நம்புறது?”

“தப்புதான் தம்பி. இனிமே வராது.”

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. ஏணியை மடக்கும்போது, “முப்பது வருசத்துல என் வயர் லூசானதில்ல தங்கச்சி,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறினார்.

அக்கா என்ன நடந்தது என்று மலாயில் கேட்டார். சுவிட்ச் அடைத்திருந்தது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, சாயங்காலம் குழம்பு தருகிறேன் என்று சொல்லிப் போனார்.

அன்று ஏழே முக்காலுக்குப் போனை எடுத்தேன். தாள் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. விரல் வழக்கம்போல் நின்றது. வயர்மேனின் சிவந்த முகம் ஞாபகம் வந்தது. அழுத்தினேன்.

“அக்கா? என்னக்கா, என்ன ஆச்சு?” பயந்துவிட்டான். நான் கூப்பிட்டதே இல்லை அல்லவா.

“ஒண்ணும் ஆகல. அந்த வயர் லூசு இல்லடா. நான்தான் சுவிட்சை அடைச்சேன். மூணு தடவையும் நான்தான்.”

பஸ்ஸுக்குள் யாரோ இருமுவது கேட்டது.

“ஏன்கா?”

“அடைச்சா நீ கூப்பிடுவ.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

“அந்த அண்ணனை ஏசிட்டேனே,” என்றான். பிறகு, “நீயே கூப்பிட்டிருக்கலாம்லக்கா.”

“நீ வேலையா இருப்பேன்னு.”

“பாலத்துல நிக்கிறேன்கா. தினம் ஒரு மணி நேரம் சும்மாதான் நிக்கிறேன்.”

பஸ் நகர்ந்துவிட்டது, இறங்கிப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்றான். சரி என்றேன். அவன் வைக்கும்வரை காதில் பிடித்திருந்தேன். காற்றாடி மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கொடுத்த குழம்பைச் சூடு பண்ணினேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வயர்மேனுக்குப் போன் செய்து, தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். தம்பி முந்தின நாளே கூப்பிட்டுப் பேசிவிட்டான் என்றார் அவர். சாயங்காலம் தம்பி கூப்பிடவில்லை. எட்டு மணிக்கு நான் கூப்பிட்டேன். பாலத்தில் ஜாம் என்றான். நான்கு நிமிடம் பேசினோம்.