நாகேஸ்வரி அக்கா உடைத்த தேங்காய்

நீதிமன்ற வளவில் வேப்பமரத்தின் கீழ் நின்று அடுத்த வழக்கின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மீனவர் நிரோஜனின் அழைப்பு வந்தது. "சேர், மனேச்சரம்மா மோசம் போயிட்டா. விடிய தேத்தண்ணி வைக்க எழும்பினவவாம். குசினிக்கை விழுந்து கிடந்திருக்கிறா" என்றார். அவர் தொலைபேசியை வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் மயிலிட்டித் துறைமுகத்து இயந்திரப் படகுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, கோபம். அவர்மேலான வழக்கு விளக்கத்துக்கு, அதாவது சாட்சி கேட்கும் விசாரணைக்கு, எடுக்கப்பட இன்னும் ஒரு தவணைதான் இருந்தது. அதற்குள் இந்த மனுசி போய்விட்டாரே என்ற கோபம்.

கதிர்காமத்தம்பி நாகேஸ்வரி என்ற முழுப்பெயர் பலருக்குத் தெரியாது. கொக்குவிலில் அவர் 'மனேச்சர் அக்கா'. முகப்புத்தகத்தில் அவர் 'பொலிஸ்காரரின் மண்டையை உடைத்த வீரப் பெண்மணி'. வேறு சிலருக்கு அவர் 'போராட்டத்தைக் காட்டிக்கொடுத்த கிழவி'. மரணச் செய்தி வந்த அன்றே இரண்டு கட்சியும் மறுபடி சண்டையைத் தொடங்கிவிட்டன. அவரை உண்மையாகத் தெரிந்த ஒருவன் எழுதிவைப்பது நல்லதென்று நினைக்கிறேன். சட்டத்தரணியாக அவரோடு நான் ஒத்துப்போன நாட்கள் குறைவு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவர் மயிலிட்டியில் பிறந்தவர். போரில் ஊரே ஒரே நாளில் இடம்பெயர்ந்தபோது அவருக்கு இளவயது. தாயையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கொக்குவிலுக்கு வந்து, புகையிரதப் பாதைக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். திருமணம் செய்யவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து கிளை மனேச்சராக ஓய்வுபெற்றார்.

மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் மக்கள் வெயிலில் வரிசையில் நின்ற காலத்தில் அந்தக் கடை வாசலில்தான் அவரை முதலில் பார்த்தேன். ஒரு பெரிய அதிகாரியின் சாரதி பின்கதவால் வந்து ஒரு மூடை சீனி கேட்டார். "உங்கடை ஐயாவுக்கு இனிப்பு வேணுமெண்டால் அவரும் வந்து லைனிலை நிக்கட்டும். குடை வேணுமெண்டால் நான் தாறன்" என்று நாகேஸ்வரி அக்கா சொன்னதைக் கேட்டு வரிசை முழுவதும் சிரித்தது. அடுத்த நிமிடம், நான் சட்டம் படிக்கிறவன், அவசரமாகப் போகவேண்டும் என்று சொல்லி முன்னுக்குப் போனேன். "சட்டம் படிக்கிறவருக்கு வரிசை தெரியாதோ?" என்று என்னையும் கடைசிக்கு அனுப்பினார். அன்று தொடங்கியது எங்கள் உறவு.

இராணுவம் பிடித்திருந்த துறைமுகமும் ஊரின் ஒரு பகுதியும் திரும்பக் கிடைத்தபோது அவருடைய வளவு கிடைக்கவில்லை. முட்கம்பி வேலி அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அயலவர்களுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. ஓய்வுபெற்ற பிறகு அவர் காணி மீட்புக் குழுவின் செயலாளரானார். நான் அந்தக் குழுவுக்குக் காசு வாங்காத சட்டத்தரணி ஆனேன்.

ஆர்ப்பாட்டம் என்றால் சனம் கூடிக் கத்துவது என்று நினைத்திருந்த எங்களுக்கு அவர் வேறொன்றைக் காட்டினார். ஒவ்வொரு ஆர்ப்பாட்டத்துக்கும் முதல் நாள் கொக்குவில் வீட்டு முற்றத்தில் ஒத்திகை. குடித்தவருக்கு இடமில்லை. செருப்பைத் தூக்கக்கூடாது. பொலிஸாரின் தாய், சகோதரியை இழுத்துத் திட்டக்கூடாது. தடுப்பைத் தொடக்கூடாது. ஒத்திகையில் ஒருவர் பொலிஸ்காரராக நின்று மற்றவர்களைச் சீண்ட வேண்டும். "தம்பி, உமக்கு வாய் நல்லா வரும். நீர்தான் பொலிஸ்" என்று அந்த வேடத்தை எனக்கே நிரந்தரமாகத் தந்துவிட்டார்.

நானும் நன்றாகத்தான் சீண்டினேன். "காணியைத் தந்தால் வித்துப்போட்டுக் கனடாவுக்குப் போகத்தானே நிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டதற்கு, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் உண்மையாகவே என் சட்டையைப் பிடித்துவிட்டார். நாகேஸ்வரி அக்கா அவரைப் பிரித்து எடுத்தார். "வாத்தியார், நீங்கள் நாளைக்கு வீட்டிலை நிண்டு எல்லாருக்கும் சோறு காச்சுங்கோ" என்றார். பக்கத்தால் ரயில் போய் முடியும்வரை எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு விடயத்தை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் ஒத்திகை வரிசையில் நின்று ஏச்சு வாங்கிப் பழகினார்கள். நடத்துகிறவர் என்பதால் அவர் மட்டும் ஒருநாளும் அங்கே நின்றதில்லை.

வேலிக்கு உள்ளே ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. அவருடைய குடும்பக் கோயில். உள்ளே போக விடமாட்டார்கள் என்பதால், அந்தத் திசையைப் பார்த்து வீதியோரத்தில் ஒரு கருங்கல்லை வைத்து, கற்பூரம் கொளுத்திச் சிதறுதேங்காய் உடைப்பதுதான் எங்கள் ஆர்ப்பாட்டத்தின் முக்கிய நிகழ்ச்சி. பொலிஸாரும் வழமையாக அதைத் தடுக்காமல் தள்ளி நின்று பார்ப்பார்கள்.

வழக்குக்குக் காரணமான அந்தக் காலை அப்படி இருக்கவில்லை. வீதியை மறிக்கக்கூடாது என்று முதல் நாளே நீதிமன்றத் தடை வாங்கியிருந்தார்கள். பொலிஸார் வழமையை விடப் பல மடங்கு வந்து கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். எங்கள் பக்கத்திலும் முகம் தெரியாத பலர் வந்திருந்தார்கள், சிலர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி. நிரோஜன் தேங்காய்ச் சாக்கைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு சிறு படகு இருந்தது. மனைவி நிறைமாதமாக இருந்தார்.

தேங்காய் உடையத் தொடங்கியதும் இளம் பொலிஸ் உபபரிசோதகர் ஒருவர் முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, அங்கே கோயில் இல்லை. எல்லாம் முதலே உடைச்சது. வீட்டுக்குப் போங்க" என்றார். பிறகு நடந்தது கண்மூடித் திறக்கும் நேரத்தில் நடந்தது. ஒரு தேங்காய் அவருடைய காலடியில் வெடித்தது. சிரட்டை தெறித்து நெற்றி கிழிந்தது. இரத்தத்தைக் கண்ட பொலிஸார் கூட்டத்துக்குள் பாய்ந்தார்கள். பெண்கள் வேலியோடு நெரிபட்டார்கள். கையில் தேங்காயோடு நின்ற நிரோஜனைப் பிடித்து, உடுத்திருந்த சாரம் அவிழ, வீதியால் இழுத்துக்கொண்டு போய் வாகனத்தில் ஏற்றினார்கள்.

மத்தியானத்துக்குள் ஒரு காணொளி ஊரெல்லாம் பரவியது. நிரோஜன் தேங்காயை உயர்த்துகிறார், இடையில் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது, அடுத்து அதிகாரியின் நெற்றியில் இரத்தம். அவ்வளவுதான். ஒரு பத்திரிகை ஒழுக்கமில்லாத போராட்டம் யாருக்கு நன்மை என்று கேட்டது. இன்னொன்று வழிபாட்டுக்கு விலங்கா என்று கொதித்தது. பொலிஸார் வேண்டுமென்றே ஆளை நுழைத்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். இளைஞர்களை அடக்கத் தெரியாதவர்கள் ஏன் வீதிக்கு வருகிறார்கள் என்று வேறு சிலர், பெரும்பாலும் ஒருநாளும் வீதிக்கு வராதவர்கள், கேட்டார்கள். எங்கள் குழு, "எமது தரப்பில் எவரும் எந்த அதிகாரியையும் நோக்கி எதையும் எறியவில்லை" என்று அறிக்கை விட்டது. நிரோஜன் விளக்கமறியலில் சிறைக்குப் போனார்.

மறுநாள் மாலை குழு கூடியபோது நாகேஸ்வரி அக்கா எழுந்து நின்றார். "அறிக்கையிலை பொய் இருக்கு. அந்தத் தேங்காயை உடைச்சது நான்" என்றார்.

"உடைச்சது நீங்களாயிருக்கலாம் அக்கா, அது தவறுதலாத் தெறிச்சது" என்றார் தலைவர்.

"தவறுதலில்லை. கல்லு எனக்கு இடப்பக்கம் கிடந்தது. நான் அவரின்ரை காலுக்கு அடிச்சனான்."

தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். "நீங்கள் வாயைத் திறந்தியளெண்டால் எங்கடை போராட்டம் இண்டையோடை முடிஞ்சுது" என்றார்.

"ஒரு தேங்காயோடை முடியிற போராட்டமெண்டால் அது எப்பவோ முடிஞ்சிட்டுது. அந்தப் பெடியன் உள்ளுக்கை இருக்கேலாது. அவன்ரை பெண்சாதிக்கு இண்டைக்கோ நாளைக்கோ."

அவரை வீட்டில் கொண்டுபோய் விடும் வழியெல்லாம் நான் வாதாடினேன். சிதறுதேங்காய் எங்கள் வழிபாட்டு முறை, சிரட்டை தெறிப்பது இயல்பு, யாரும் யாரையும் தாக்கவில்லை: இந்த எதிர்வாதம் நிற்கும், கொஞ்சம் தாமதமானாலும் நிரோஜனும் வெளியே வருவார், நீங்களும் தப்புவீர்கள் என்றேன். சட்டப்படி அது சரியான ஆலோசனை. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அவர் படலையைத் திறந்தபடி சொன்னார்: "தம்பி, நான் கோவத்திலை அடிச்சதைப் பிள்ளையாருக்கு உடைச்சதெண்டு நீர் கோட்டிலை சொன்னால், நாளைக்கு அங்கை நிண்டு உண்மையாக் கும்பிடுறவளின்ரை தேங்காயையும் அவங்கள் ஆயுதமெண்டுதான் பாப்பாங்கள். அதுக்கு நான் விடமாட்டன்."

"இவ்வளவு காலம் எல்லாரையும் அடக்கி வைச்ச உங்களுக்கு நேற்று என்ன வந்தது?" என்று கேட்டேன். எனக்கும் கோபம்தான்.

"கோயில் இல்லையெண்டு அவன் சொன்னது பொய்யெண்டால் எனக்குக் கோவம் வந்திராது" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அடுத்த தவணையில் திறந்த நீதிமன்றில் எழுந்து அதையே சொன்னார். தவறுதலாக என்ற சொல்லை அவர் வாயில் வரவழைக்க நான் செய்த கடைசி முயற்சியும் பலிக்கவில்லை. நிரோஜன் அன்றே விடுவிக்கப்பட்டார். நாகேஸ்வரி அக்கா பிணையில் வந்தார். கடமைக்கு இடையூறு, காயம் விளைவித்தமை என்று அவர்மேல் வழக்குத் தாக்கலானது.

வெளியே விறாந்தையில் அந்த உபபரிசோதகர் நின்றார், நெற்றியில் தழும்போடு. நான் தடுப்பதற்குள் அக்கா அவரிடம் போய்விட்டார். "தம்பி, காயம் மாறிட்டுதோ? அது நான் செய்தது. பிழைதான்" என்றார். அவர் தலையை ஆட்டினார். "ஒண்டு கேக்கிறன். கோயில் இல்லையெண்டு சொன்னீர். உள்ளுக்கை போய்ப் பாத்தனீரோ?"

"நான் பார்க்க இல்லை அம்மா. பெரியவங்க சொன்னாங்க" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகு அக்காவின் முகத்தை என்னால் அதிகநேரம் பார்க்க முடியவில்லை. அதில் இருந்தது ஆறுதலா, அதைவிடப் பெரிய வேதனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதன் பிறகான மாதங்கள் கொடியவை. குழு அவரைச் செயலாளர் பதவியிலிருந்து ஓசைப்படாமல் நீக்கியது. பொலிஸாரிடம் விலைபோய்விட்டார் என்று எழுதினார்கள். அவரோ அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கும் பேருந்து பிடித்துப் போய், கூட்டத்தின் கடைசியில், வீதிக்கு வெளியே நின்றார். பக்கத்தில் யாரும் போய் நிற்கவில்லை. நிரோஜன் போய் நின்றார். பிறந்த பிள்ளையையும் தோளில் வைத்திருந்தார்.

தவணைக்குத் தவணை நீதிமன்றம் வந்து காத்திருப்பார். வழக்கு தள்ளிப்போகும். "கோவம் வந்ததெண்டு சொன்னனான், எழுதிக்கொண்டினம். ஏன் வந்ததெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் ஒருநாள். விளக்கத்தில் கேட்பார்கள் என்றேன். தனக்கு விடுதலை கிடைக்குமா என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. தன் வீடு எங்கே இருந்தது, கிணறு எந்தப் பக்கம், கோயிலுக்குப் போகும் ஒழுங்கை எப்படி வளையும் என்று சாட்சிக் கூண்டில் ஏறி நின்று சொல்லவேண்டும், அதை ஒருவர் எழுதிக்கொள்ளவேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வருகிற தவணையில் நான் எழுந்து, அவர் இறந்துவிட்டார் என்று சொல்வேன். வழக்கு அத்தோடு முடியும். எழுதிக்கொள்ள ஒன்றுமிராது. இதை எழுதும்போதும் எனக்குப் பொறுக்கமுடியவில்லை.

கனடாவிலுள்ள தம்பியாருக்கு வர விசா கிடைக்கவில்லை. தம்பியார் கேட்டுக்கொண்டபடி நிரோஜன் கொள்ளி வைத்தார். அஸ்தியைக் கீரிமலைத் தீர்த்தத்தில் கரைப்போம் என்றேன். "இல்லை சேர், எங்கடை கடலிலை கரைப்பம்" என்றார் நிரோஜன். நானும் படகில் ஏறினேன்.

துறைமுகம் கடந்து கிழக்கே திரும்பியதும் வேலிக்கு உட்பட்ட கரை தெரிந்தது. தென்னைகள், ஒரு காவற்கோபுரம், வெள்ளைக் கூரையொன்று, நிறையப் பற்றை. "உதிலை அவவின்ரை வளவு எது சேர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நிரோஜன் அகதி முகாமில் பிறந்தவர், அவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் மண் முட்டியில் இருந்தார்.

அப்போது கடற்படை ரோந்துப் படகொன்று எங்களை நோக்கித் திரும்பியது. நிரோஜன் இயந்திரத்தை நிறுத்தினார். அவர் ஒருமுறை உள்ளே போய் வந்தவர், ஒரு சொல் தவறினாலும் மறுபடி போவார். படகு நெருங்கி வந்து எங்களைச் சுற்றியது. சிப்பாய் ஒருவர் வெள்ளைத் துணி கட்டிய முட்டியைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டார்.

நிரோஜன் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அஸ்தி. கதிர்காமத்தம்பி நாகேஸ்வரி. இந்தக் காணிக்காரி. வீட்டை போறா."

சிப்பாய் கரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவர்கள் போகவுமில்லை, தடுக்கவுமில்லை. இயந்திரத்தை உறுமவிட்டபடி பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் பார்த்திருக்க நிரோஜன் துணியை அவிழ்த்தார்.

அக்கா, எது உங்கள் வளவென்று தெரியாமல்தான் கரைத்தோம். நீங்களே பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.