வெறும் லொறிக்குப் பாரம்

திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டு, கந்தளாய்க்கு நெல்லேற்றப் போகும் வெறும் லொறி. கந்தளாய் பஸ்ஸைத் தவறவிட்ட எனக்கு முன் சீற்றில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் சாரதி ரமீஸ், கிண்ணியாக்காரர். தேநீருக்காக வீதியோரம் நிறுத்தியதுதான் பிழை. மழையில் ஊறிய கிரவல் மண் மேட்டில் பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன.

நான் பின்னால் போய்த் தள்ளுகிறேன். முழங்கால் வரை சேறு தெறிக்கிறது.

ரமீஸ் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்க்கிறார். பார்வை என் வயிற்றில் கொஞ்சம் தங்குகிறது.

"தள்ளி வேலையில்ல, சேர். பாரம் இல்லாட்டி ரயர் பிடிக்காது. பின்னால ஏறி, சில்லுக்கு நேர் மேல இரிங்க."

"பாரத்துக்கு நான் ஒராள் காணுமோ?"

"ஓம். மத்த ஆக்களெண்டா மூணு பேர் வேணும்."

தேநீர்க் கடையில் சிரிப்பு. ஆனாலும் இரண்டு பேர் கிளாஸோடு வந்து என் பக்கத்தில் ஏறிக்கொள்கிறார்கள். இது அவர்களுக்குப் பழக்கம்போல.

ரமீஸ் இரண்டாம் கியரில் நோகாமல் எடுக்கிறார். சில்லு ஒருமுறை வழுக்கிப் பிறகு பிடித்துக்கொள்கிறது. தார் வீதியில் லொறி நின்றதும் அந்த இருவரும் தேநீர் சிந்தாமல் இறங்கிவிடுகிறார்கள். நானும் முன்னால் போக எழும்புகிறேன்.

ரமீஸ் தலையை வெளியே நீட்டுகிறார். "வீதியும் ஈரம்தானே, சேர். கந்தளாய் போகுமட்டும் அங்கயே இரிங்க. திரும்பி வரக்குள்ள நெல் இருக்கும். அப்ப முன்னால ஏத்துறன்."

நான் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்வதற்குள் லொறி புறப்படுகிறது. குடையை விரிக்கிறேன். உண்மையைச் சொல்லவேண்டும், சில்லு பிறகு வழுக்கவே இல்லை.