தக்காளிக்குக் காய்ச்சல் கொடுக்கிறவள்

நன்றாக இருக்கிற செடிக்கு நோயைக் கொடுத்துவிட்டு, அது எப்படிச் சமாளிக்கிறது என்று பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்ப்பதுதான் எங்கள் தொழில். செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கப்போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே படியுங்கள்.

சடங்கு வீட்டில்

கொஸ்லந்தையில் ஒரு சடங்கு வீடு. சாப்பாட்டுப் பந்தியில் என் அத்தை, "பதுளையில என்னதான் வேலை பாக்குற?" என்று கேட்டார். இலையில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு, பற்றீரியா உள்ளே நுழையப் பார்த்தால் சில நொதியங்கள், அதாவது என்சைம்கள், அந்தக் கொழுப்பை வெட்டி மாற்றும், மாறிய கொழுப்புதான் செடிக்கு ஆபத்துச் செய்தி, செடி உடனே சண்டைக்கு எழும்பும் என்று சோறு ஆற ஆற விளக்கினேன்.

அத்தை கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொழுப்ப வெட்டுற எலைன்னா எனக்கு ஒரு கட்டு கொண்டாந்து குடு. டாக்டரு கொலஸ்ட்ரோல் கூடிருச்சின்னு ஏசுறாரு."

சிரிஞ்சு வாங்கப் போனேன்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு பெட்டி சிரிஞ்சு கேட்டேன், ஊசி வேண்டாம் என்று. கடைக்கார நானா, ஒரு முஸ்லிம் பெரியவர், மூக்குக் கண்ணாடியை இறக்கி, என் கையை ஒரு தரம், முகத்தை ஒரு தரம் பார்த்தார். போதைப்பொருள் சந்தேகம் என்று புரிந்தது.

"தக்காளி இலைக்கு நானா" என்றேன் அவசரமாக. "சிரிஞ்சு வாயை இலைக்கு அடியில அழுத்தி, பற்றீரியா கலந்த தண்ணிய ஏத்துவோம்."

அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மருந்து குத்துற ஆக்கள நெறைய பாத்திருக்கேன் மகள். நோயக் குத்துற ஆள இன்டைக்கித்தான் பாக்குறேன்."

என் வீரத் தக்காளி

கொழுப்பை வெட்டும் அந்த நொதியம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும்படி ஒரு தக்காளியை உருவாக்கினோம். பற்றீரியாவால் அதை அசைக்கவே முடியவில்லை. ஆய்வுகூடம் முழுக்கக் காட்டித் திரிந்தேன். ஆனால் செடி ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை, பூக்கவும் இல்லை. நோயே வராதபோதும் உள்ளே ஆபத்துச் செய்தி ஓடிக்கொண்டே இருந்ததால், சாப்பிட்டதையெல்லாம் சண்டைக்கே செலவழித்திருக்கிறது.

எங்கள் ஆய்வுகூடத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், அளந்துதான் பேசுவார். தொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்: "கள்ளன் வருவான் எண்டு விடிய விடிய முழிச்சிருந்தா, பிள்ளை, ஆர் தோட்டம் கொத்துறது?"

வெலிமடையில் ஒரு காலை

எங்கள் ஊர் மகேஸ்வரி அக்கா தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு, வெலிமடையில் குத்தகைக்குக் காணி எடுத்துத் தக்காளி போட்டிருந்தார். காய் பிடிக்கும் நேரத்தில் செடிகள் தலை தொங்கின, என்னைக் கூப்பிட்டார். மண்ணில் ஈரம் இருந்தது. இலை பச்சையாகவே இருந்தது.

ஒரு தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடித்தேன். வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு இழை மெல்ல இறங்கியது. பற்றீரியா வாடல்.

"மருந்து இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை, பரவாமல் பிடுங்கிப் போட வேண்டியதுதான் என்றேன். "நீங்க ஆராய்ச்சி செய்றது?" அது வயலுக்கு வர இன்னும் காலம் எடுக்கும் என்றேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் செடியைப் பிடுங்கினார். நானும் அடுத்த வரிசையில் குனிந்தேன். காய்த்த செடியைப் பிடுங்கும்போது ஒரு சத்தம் வரும். அன்று அது எனக்குப் பிடிக்கவில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், கத்தரி என்று இந்த நோய் பிடிக்கிற எதுவும் அந்த மண்ணில் இப்போதைக்கு வேண்டாம், வெங்காயச் சாதி லீக்ஸ் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த போகம் முடிந்து அக்கா ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார், தோளில் ஒரு சாக்கு லீக்ஸ். நல்ல விளைச்சலாம். மேசைமேல் பொத்தென்று இறக்கிவிட்டுச் சொன்னார்: "நோய் வராத தக்காளி வந்திச்சின்னா மொத நாத்து எனக்குத்தான். அதுவரைக்கும் இத ஆக்கித் தின்னுட்டு ஆராய்ச்சி பண்ணுங்க."

ஆக, பற்றீரியா வந்தால் செடி என்ன செய்யும் என்று என்னால் மணிக்கணக்கில் சொல்ல முடியும். ஒரு சாக்கு லீக்ஸ் வந்தால் தனியாக வாழும் விஞ்ஞானி என்ன செய்ய வேண்டும் என்றுதான் யாரும் ஆராயவில்லை.