மூன்றாவது கோப்பையில் இருந்த கோடு

என் அப்பா கண்டியில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். கண்ணாடிக் கிளாஸ்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துடைப்பதில் அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் வெளிநாட்டுக்காரர் வரத்து நின்றுபோனது. ஹோட்டல் சாப்பாட்டு அறையைப் பூட்டியது. அப்பா அம்பிட்டியவில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால், ஒரு பலகையில் உட்கார்ந்து, இரும்பு உரலில் காலிக் கண்ணாடிப் போத்தல்களை இடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

போத்தல் இடித்தது அம்மாவுக்காக. கல்யாணத்துக்கு முன் அம்மா மாத்தளைப் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் வேலை செய்தவள். பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, பழைய மின்சாரச் சூளை ஒன்றை வாங்கி வைத்து, கோப்பையும் தட்டும் செய்து விடுதிகளுக்குக் கொடுத்துவந்தாள். அப்பா அந்தச் சூளையை 'போரணை' என்றுதான் சொல்வார். "பேக்கரியில பாண் சுடுறதுதாங்க போரணை. இது சூளை" என்று அம்மா திருத்துவாள். அடுத்த நாளும் அவர் போரணை என்பார்.

மண் கோப்பையின் மேல் கண்ணாடிபோல் ஒரு பூச்சு இருக்கிறதல்லவா, அதற்குக் கிளேஸ் என்று பெயர். வெள்ளைக்கல் பொடி, களிமண், டொலமைட் என்று பெரும்பாலானவை நம் நாட்டிலேயே கிடைத்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் உருக்கிச் சேர்த்துவைக்கிற ஒரு பொடி வெளியிலிருந்து வர வேண்டும். பிரிட் என்று அம்மா சொல்வாள். தொழிற்சாலைச் சூளை மாதிரி பெரிய சூட்டுக்குப் போனால் அது இல்லாமலும் ஒப்பேற்றலாம். எங்கள் சூளை ஆயிரத்து இருநூற்று இருபது டிகிரியைத் தாண்டினால் கம்பிச்சுருள் அறுந்துவிடும். அந்த நடுத்தரச் சூட்டில் பூச்சு உருக வேண்டுமென்றால் பிரிட் இருந்தே ஆக வேண்டும். கொழும்புக் கடையிலோ, கப்பல் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஹந்தானைப் பக்கம் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு விடுதிக்கு நாற்பது சூப் கோப்பை செய்து கொடுப்பதாக அம்மா ஏற்றிருந்தாள். நாற்பதும் முதல் சூடு முடிந்து, பூச்சில்லாமல், செங்கல் நிறத்தில் கொட்டிலின் தட்டுகளில் காத்திருந்தன. சுட்டுப் பார்க்கவென்று கூடுதலாகவும் கொஞ்சம் கோப்பை செய்து வைத்திருந்தாள். அந்த வருடம் எங்களுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

"கண்ணாடிதானே வேணும்? கண்ணாடியப் பத்தி என்கிட்ட கேளு" என்றார் அப்பா.

மறுநாளே இரண்டு உரப்பை நிறைய வெற்றுப் போத்தல்களோடு வந்தார். பச்சைப் போத்தலைத் தள்ளி வெள்ளைப் போத்தலை மட்டும் எடுத்தோம். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தார். அம்மாவின் பழைய நைலான் சேலையை நாலாக மடித்து அதில் சலித்தார். என்னைப் பத்தடிக்குள் வர விடவில்லை. எனக்குக் கிடைத்த வேலை சோதனைத் துண்டுகளுக்கு எண் போடுவது. விரல் நீள மண் துண்டில் ஒவ்வொரு கலவையையும் பூசிச் சுட்டுப் பார்ப்பாள் அம்மா. எந்த எண்ணில் என்ன சேர்த்தோம் என்பதை நான் தேதி போட்டு என் பழைய விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுத வேண்டும்.

முதல் தடவை பளபளவென்று வந்தது. அப்பா கைதட்டினார். சூளையிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்த கொஞ்ச நேரத்தில் கோப்பைகளிலிருந்து 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம் வர ஆரம்பித்தது. ஒன்று சொல்ல, தள்ளியிருந்த இன்னொன்று பதில் சொல்வதுபோல் இருந்தது.

"அம்மா, கோப்பை பேசுது" என்றேன் சந்தோஷமாக.

"பேசல. வெடிக்குது" என்றாள் அம்மா.

வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். பூச்சு முழுவதும் சிலந்தி வலைபோல் மயிரிழைக் கோடுகள். சூடு ஆறும்போது மண்ணும் சுருங்கும், பூச்சும் சுருங்கும். போத்தல் கண்ணாடி மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. "உடம்பு அப்படியே இருக்கு, சட்டை மட்டும் சுருங்கிருச்சு. கிழியாம என்ன செய்யும்?" என்றாள். அந்தக் கோடுகளுக்குள் சூப் இறங்கும், கழுவினாலும் போகாது, கறுத்துவிடும். அப்படிப்பட்ட கோப்பையைச் சாப்பாட்டுக்குக் கொடுக்க முடியாது.

போத்தல் பொடியைக் குறைத்து வெள்ளைக்கல் பொடியைக் கூட்டினாள். கோடு நின்றது. ஆனால் பூச்சு உருகவில்லை, காய்ந்த கஞ்சிபோல் மங்கலாக, ஊசித் துளைகளோடு வந்தது. பிறகு அப்பா டவுனில் நகைப் பட்டறை வைத்திருந்த ஒருவரைப் பிடித்து வெங்காரம் வாங்கிவந்தார். தங்கத்தைப் பற்றவைக்கப் போடுகிற அந்த வெள்ளைத் தூள் எதையும் உருக்கிவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதைக் கலந்த வாளியை மறுநாள் திறந்தால் அடியில் கற்கண்டுபோல் கட்டி கட்டியாக வளர்ந்திருந்தது. நான் ஒன்றை நக்கிப் பார்க்கக் கையை நீட்டி அடி வாங்கினேன். தண்ணீரில் கரைகிற பொருள், பூசியதும் தண்ணீரோடு போய் ஓரத்தில் சேர்ந்துகொள்கிறது. கோப்பை விளிம்பெல்லாம் கொப்புளம்.

இடையிடையே மின்வெட்டு. சூளை பாதிச் சூட்டில் நின்றுவிட்டால், பிழை கலவையிலா கரண்டிலா என்று கண்டுபிடிக்க முடியாது. அம்மா ஒரே கலவையை இரண்டு முறை சுட்டுப் பார்ப்பாள். ஒரு தடவைக்கு ஒரு பொருளைத்தான் மாற்றுவாள். அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. "நாலையும் சேத்து மாத்திப் பாப்பமே" என்பார்.

"மாத்தலாம். நல்லா வந்தா எதனால வந்துச்சுன்னு தெரியாது. கெட்டாலும் தெரியாது" என்பாள் அம்மா.

அப்பா உரலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஏன் இத்தனை அவசரப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியதுண்டு. சும்மா இருந்து பழகாதவர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். வெங்காரத்தை அப்படியே போடக் கூடாது. அதையும் வெள்ளைக்கல் பொடியையும் போத்தல் பொடியையும் சேர்த்து முதலில் ஒரு மண்சட்டியில் உருக்கிவிட வேண்டும். உருகிச் சேர்ந்தபின் அது தண்ணீரில் கரையாது. ஆறியதும் சட்டியை உடைத்துக் கட்டியை எடுத்துப் பொடித்தால், கப்பலில் வராத பிரிட் நம் வீட்டிலேயே தயார். இளம்பச்சை நிறத்தில் ஒரு பெரிய கட்டி வந்தது. அப்பா அதை மூன்று நாள் இடித்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்து துணி சுற்றிக்கொண்டு இடித்தார். பதினேழாம் எண் துண்டு சுத்தமாக வந்தது. அந்தக் கலவையைக் கூடுதல் கோப்பைகளில் பத்துக்குப் பூசிச் சுட்டோம்.

சனிக்கிழமை காலையில் சூளையைத் திறந்தோம். பால்போன்ற வெள்ளை, விளிம்பில் மட்டும் லேசாகத் தேன் நிறம். மூன்று பேரும் காதைக் கொடுத்துக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை.

ஆனாலும் சோதிக்க வேண்டும். ஃப்ரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் கோப்பையை வைத்து எடுத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பிறகு மை தடவித் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலும் மை நின்றுவிடும். மூன்று கோப்பைகளை எடுத்தோம். அப்பா தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார். அம்மா அடுப்படிக்கும் கொட்டிலுக்குமாக வெந்நீர் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன் கண்ணு கூர்மையான கண்ணு. நீ பாத்துச் சொல்லு புள்ள" என்றார் அப்பா.

முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கோப்பையின் உள்பக்கம், அடியிலிருந்து மேலே, சின்ன விரல் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு நின்றது. என் தலைமுடியைவிட மெல்லியது.

நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். ஹோட்டல் பூட்டிய நாளிலிருந்து நான் காணாத ஒரு முகம். துணி சுற்றிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் விருந்து. அப்பாவே கோழி சூப் வைத்தார். புதுக் கோப்பைகளில் ஊற்றி, அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு குனிந்து, "மேடம், இன்னிக்கு ஸ்பெஷல்" என்றார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். மூன்றாவது கோப்பை எப்படியாவது எனக்கு வரும்படி பார்த்துக்கொண்டேன். சூப் குறையக் குறையக் கோடு வெளியே தெரிந்தது. அடியில் கொஞ்சம் குடிக்காமலே விட்டேன். "ஏன், நல்லா இல்லையா?" என்று அப்பா கேட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்றேன். கோப்பைகளை அம்மாதான் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனோம். மூன்று பேரும் குளத்தைச் சுற்றி நடந்தோம். அப்பா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டே வந்தார். அம்மா ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னுடையதில் பாதியைச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்தக் கோப்பை மேசையில் இருந்தது.

"இதுல ஒரு கோடு இருக்கு" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுல வந்தா மத்த ஒம்பதுலயும் வரும். இன்னைக்கு இல்லாட்டி அடுத்த மாசம். அனுப்ப முடியாதுங்க. வெள்ளைக்கல்லு இன்னும் கொஞ்சம் கூட்டி, மறுபடி உருக்கணும்."

அப்பா கோப்பையை வாங்கிப் பார்த்தார். "சரி. இடிச்சிருவோம்" என்றார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கத்தாரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருப்பதாகவும் வெள்ளிக்கிழமை போவதாகவும் சொன்னார். இரண்டு வருடம்தான் என்றார். நான் மேசையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பை கெட்டுப்போனது, அதனால் அப்பா போகிறார். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

அம்மா அன்றிரவே மறுபடி உருக்கிக் கொடுத்த கட்டியைச் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அப்பா இடித்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது அப்பாவை ஏற்றிப்போக வேன் வந்தது. அவருடைய நகக்கண்ணில் இன்னும் வெள்ளைப் பொடி இருந்தது. அன்று காலையில்தான் அம்மா நாற்பது கோப்பைகளில் முதல் அடுக்கைச் சூளையில் வைத்து மூடினாள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது திறந்தோம், ஒரு கோடும் இல்லை. ஐஸில் வைத்து, வெந்நீர் ஊற்றி, மை தடவி, ஒவ்வொன்றையும் நான் நாலு தரம் பார்த்தேன். அம்மா கைபேசியில் அப்பாவுக்குக் காட்டினாள். "கிட்ட காட்டு, கிட்ட காட்டு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். படம் நின்று நின்று வந்தது. நான் பேச மாட்டேன் என்று கொட்டிலுக்குள் போய்விட்டேன். கோபம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமையே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். வெள்ளிக்கிழமை வேன் வருவதற்குள் சூளை திறந்திருக்கும், அப்பா பார்த்திருப்பார், போகாமலேகூட இருந்திருப்பார். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது. விடுதிக்காரர்கள் நாற்பதையும் எடுத்துக்கொண்டு இன்னும் கேட்டார்கள். அப்பாவின் இரண்டு வருடம் மூன்றானது. இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறார்.

போன வருடம் அலுமாரியில் என் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது அப்பாவின் மருத்துவப் பரிசோதனைக் கடுதாசி கையில் சிக்கியது. வெளிநாடு போகிறவர்கள் எடுக்கிற பரிசோதனை. என் கொப்பியில் முதல் சோதனைத் துண்டுக்குப் போட்ட தேதியைத் தேடிப் பார்த்தேன். முதல் போத்தலை உடைப்பதற்குப் பத்து நாள் முன்பே அவர் பரிசோதனை எடுத்திருந்தார். போவது முன்பே முடிவான விஷயம். போவதற்குள் அம்மாவின் கையில் உருப்படியாக ஒரு பூச்சைக் கொடுத்துவிடத்தான் அப்படி இடித்திருக்கிறார்.

அம்மா கொட்டிலில் கோப்பைகளைப் பூச்சில் முக்கிக்கொண்டிருந்தாள். நான் போய், அந்தச் சனிக்கிழமை கோட்டைப் பார்த்தும் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அம்மா கையிலிருந்த கோப்பையைச் சொட்டு வடியும்வரை பிடித்திருந்துவிட்டுப் பலகையில் வைத்தாள்.

"நான் அன்னைக்கே பாத்தேன்டி. கழுவும்போது."

"அப்ப ஏம்மா திங்கக்கிழமை வரைக்கும் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே உரல எடுத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. போற வரைக்கும் இடிச்சுக்கிட்டே இருந்திருப்பாரு. போரணை தொறக்கிறதப் பாக்காட்டிப் பரவாயில்ல, ரெண்டு நாளாவது நம்மளோட சும்மா இருக்கட்டும்னு விட்டுட்டேன்." முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த கோப்பையை எடுத்தாள். "அவரும் பாத்தாரோ என்னமோ. நான் கேக்கல."

அவள் சூளையைப் போரணை என்று சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். குளத்தைச் சுற்றி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, என் தோளில் கிடந்த அப்பாவின் கை கனக்கிறது என்று நான் இரண்டு தடவை அதைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.