குழாய் ரயில் வரும்வரை

மலையில் ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளியில் நான் டீச்சர். வீடு அடிவாரத்தில், சிலமலையில். போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு தினமும் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுவேன். கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வோம். டிரைவரை மனதுக்குள் திட்டாத நாள் கிடையாது. ஆனால் ஒன்று, சாயங்காலம் கடைசிப் பெண் வந்து சேரும்வரை அந்த மனுஷன் வண்டியை எடுக்க மாட்டார்.

அப்போது என் மகள் கைக்குழந்தை. பகலில் மாமியார் கஞ்சி ஊட்டிவிடுவார். புட்டிப்பாலைத் தொடவே மாட்டாள். சாயங்காலம் நான் போய்த்தான் பால் கொடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் மலை இறங்கிவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். காலையும் மாலையும் ஓர் அரசு பஸ் விடச் சொல்லி எல்லோருமாகப் போக்குவரத்து அதிகாரியிடம் மனுக் கொடுத்தோம்.

அதிகாரி கூட்டம் போட்டுக் கூப்பிட்டார். போனால் மேடையில் ஒரு கோடீஸ்வரர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருப்பவர். மலையில் புதிதாகத் தோட்டம் வாங்கியிருந்தார். முதலில் படம் காட்டினார். பூமிக்கடியில் குடைந்த குழாய், அதற்குள் பறக்கும் ரயில். வெளிநாட்டுப் பெரும் பணக்காரர்கள் இதைத்தான் யோசிக்கிறார்களாம். பஸ்சும் தண்டவாளமும் முடிந்துபோன சங்கதியாம். போடிக்கு மறுபடி ரயில் வந்த சந்தோஷமே எங்களுக்கு இன்னும் அடங்கவில்லை, இவர் அதற்குள் அதை வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் இருந்த, என்னோடு ஜீப்பில் தோட்ட வேலைக்கு வரும் பொட்டிபுரத்து அக்கா எழுந்துவிட்டார். “ஏன் சார், எங்கூரு மலையக் கொடைஞ்சு ஆராய்ச்சி பண்ணப் போறோம்னு வந்தாய்ங்களே, அவிங்க ஆளா நீங்க?”

நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மலையைக் குடையப் போவதாகச் சொன்னதிலிருந்து, குடைவது என்றாலே அந்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். கூட்டம் சிரித்தது. கோடீஸ்வரரும் சிரித்தார். “அதெல்லாம் இல்லம்மா. குழாய் ரயில் வர நாளாகும். அதுவரைக்கும் போன்ல கூப்பிட்டா எங்க வேன் வரும்” என்றார். அதிகாரிக்கு முகமெல்லாம் பல். எங்கள் மனு மேசை இழுப்பறைக்குள் போனது. பொய் சொல்வானேன், எனக்கும் அன்றைக்கு ஆசையாகத்தான் இருந்தது.

வேன்கள் வந்தன. குளுகுளுவென்று, ஆளுக்கொரு சீட்டு. ஆள் கிடைக்காத ஜீப்புகள் தேவாரம் பக்கம் காய்கறி லோடு ஏற்றப் போய்விட்டன. பஸ் என்னவாயிற்று என்று கேட்டால், “அதான் வேன் ஓடுதே” என்றார் அதிகாரி.

பிறகு ஒரு மாலை. தோட்டத்துக்குள் டவர் கிடைக்காது. சாலை வளைவுக்கு நடந்து வந்துதான் வேனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். இந்தப் பகுதியில் சேவை நிறுத்தப்பட்டது என்று போனில் ஒரு வரி வந்தது. நஷ்டமாம், பின்னால் தெரிந்தது. ஒரு வார்த்தை முன்னால் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“இன்னொரு வாட்டி அமுக்கிப் பாருங்க டீச்சர்” என்றார் பொட்டிபுரத்து அக்கா. அமுக்கினேன். அதே வரி.

மெயின் ரோட்டில் ஏதாவது வண்டி கிடைக்கும் என்று போடிமெட்டை நோக்கி நடந்தோம். பால் கட்டிக்கொண்டு மார்பு தெறித்தது, ரவிக்கை நனைந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோட்டில் நின்று அழுதேன். அக்கா தன் துண்டை என் தோளில் போர்த்திவிட்டார். கடைசியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போனபோது பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியிருந்தாள்.

மறுபடியும் அதிகாரியிடம் போனோம். “புதுசா ஒரு திட்டம் பேசிக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறுங்கம்மா” என்றார். அதற்குப் பிறகு கிடைத்த லாரியில், கிடைத்த நேரத்தில்தான் வீடு திரும்பினேன். வேலையையும் விட முடியாது. “பிள்ளை இப்படித் தெனமும் ஏங்கக் கூடாது. பால மறக்கடிச்சிரு ஆத்தா” என்றார் மாமியார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மகளை மடியில் போட்டேன். ஆசையாக வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தக் கசப்போடே மறுபடியும் குடிக்க ஆரம்பித்தாள்.