ராணிக்கு மூச்சு வாங்கவில்லை

எங்கள் அண்ணன் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களே, எனக்கு இனிக்க எழுத வராது. தங்கைக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் வடகவுஞ்சியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் எனக்கு அப்பாவும் அவர்தான். எழுபதுகளில் கொடைக்கானலுக்கு வந்து, ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை விட்டார். குதிரையின் பெயர் ராணி. வெள்ளனே எழுந்து அதற்குக் கொள்ளு வைத்துவிட்டுத்தான் காபி குடிப்பார். குளிரில் இருவர் வாயிலிருந்தும் புகை வரும். இன்றும் அது என் கண்ணிலேயே நிற்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், எண்பத்து மூன்றில், மேடு ஏறினால் அண்ணனுக்கு நெஞ்சை இறுக்கத் தொடங்கியது. நின்றால் விட்டுவிடும். சொல்ல வெட்கப்பட்டு, "குதிரைக்கு மூச்சு வாங்குதுங்க, செத்த நிக்கட்டும்" என்பார்.

"அது சும்மா நிக்குது. உங்களுக்குல்ல வாங்குது!" என்று ஒரு மதுரைக்காரர் சிரித்தாராம். அண்ணனும் கூடச் சிரித்தாராம். கிழட்டுக் குதிரை என்ற பெயர் ராணிக்கு வந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்குத் தெரிந்ததும் நீங்கள் எல்லோரும் வைத்தியர்கள் ஆனீர்கள். "வாயுப்பா இது. நெஞ்சு வலின்னா ஆளு விழுந்துல்ல கெடக்கணும்? நின்னா போறதெல்லாம் ஒரு வலியா?" என்று மலைப்பூண்டைச் சுட்டுச் சுட்டுக் கொடுத்தீர்கள்.

நின்றால் போகிற வலிதான் ஐயா அந்த வலி!

நான்தான் சண்டை போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்கியிருக்கிறது, மேடு ஏறும்போது ரத்தம் போதாமல் வலிக்கிறது, நின்றால் இதயத்தின் வேலை குறைந்து வலி போகிறது, இதற்குப் பெயர் ஆஞ்சைனா என்றார் அவர். பீடியை விடச் சொன்னார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார்.

அண்ணன் பீடியை விட்டார். மாத்திரையை மட்டும் தொடவில்லை. "இது சின்ன வலிதான் தாயி. பெரிய வலிக்கு இருக்கட்டும்" என்றார்.

பெரிய வலி ஏரியிலிருந்து ஏறும் மேட்டில் வந்தது. மாத்திரைச் சீசா சட்டைப்பையில் திறக்காமலே இருந்தது.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய குதிரைக்காரர்களுக்கு நன்றி. பூண்டு சுட்டவர்களுக்கும் நன்றி, பாசத்தில்தான் செய்தீர்கள். இனி யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், வெரசா டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ராணியை இப்போது அண்ணனின் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். மேட்டில் பாதி ஏறியதும் அது தானாக நின்றுவிடுகிறது. இழுத்தாலும் வருவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நடக்கிறது. அதுவரை அதை அடிக்காமல், பக்கத்தில் சும்மா நிற்கும் அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.